உள்ளே மடித்த துணி

கத்தரியின் முனை ஒவ்வொரு தையலுக்கும் அடியில் நுழைந்து நூலை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தது. வெல்வெட்டில் இரும்பு பட்டால் தழும்பு விழும்; விழுந்த தழும்பு எதைச் செய்தாலும் மறையாது. அதனால் இடது கைக் கட்டைவிரல் துணியை ஒதுக்கிப் பிடித்திருந்தது. அறுந்த நூல் துணுக்குகளை அந்தக் கைகள் அவ்வப்போது மேசை ஓரத்தில் தட்டிவிட்டன. போன வாரம் அந்த இடுப்புப் பட்டியை வைத்துத் தைத்தவை இதே கைகள்தான்.

யூவா பிரித்துக்கொண்டிருந்தது ஒரு பெண் பிள்ளையின் புத்தாண்டு உடை. நவம்பர் கடைசியில் லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த மோங் ஜனங்களுக்குப் புத்தாண்டு. அதற்கு முந்தைய ஒரு மாதம் அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்து மோங் சந்தையில் தையல்காரிகள் தலை நிமிர்வதில்லை. ஒரே தகரக் கூரைக்குக் கீழே துணிக்கடை, மூலிகைக் கடை, சோற்றுக்கடை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். பனியை மிதித்து வந்தவர்களின் பூட்ஸ் ஈரமும் எலுமிச்சைப்புல் வாசனையும் சேர்ந்து யூவாவின் கடையில் தொங்கும் பாவாடைகளில் ஏறியிருக்கும்.

பழைய மாதிரிப் பாவாடைக்கு அளவு என்று ஒன்று கிடையாது. நெருக்கமாக மடிப்பு வைத்த நீளத் துணி. இடுப்பில் சுற்றி நாடாவால் கட்டி, மேலே பச்சையும் ரோஜா நிறமுமான இடுப்புத் துணியை இறுக்கிச் சுற்றினால் போதும். அம்மாவுக்கும் பொருந்தும், மகளுக்கும் பொருந்தும். ஒல்லியான பெண்ணுக்குக் கூட இரண்டு சுற்று சுற்றிவிட்டால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருப்பாள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஜிப்பும் கொக்கியும் வேண்டும், உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். உறவு முறையான ப்ளியாவின் மூத்த மகள் பாஹுவாவும் அப்படித்தான் கேட்டிருந்தாள். ப்ளியா போனிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டாள். "போன வருஷ அளவே வெச்சுக்கோ அக்கா. வேணும்னா கொஞ்சம் தாராளமாவே தை. வளர்ற பொண்ணு."

அந்தப் பிள்ளை நேற்று போட்டுப் பார்க்க வந்திருந்தாள்.

தனியாகத்தான் வந்தாள். அப்பாவின் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். அது முழங்கால்வரை தொங்கியது. எதிர்க் கடையில் சாலட்டுக்குப் பச்சைப் பப்பாளி இடித்துக்கொண்டிருந்த டோங் உலக்கையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"ஏ பாஹுவா! வெளிய காத்தடிக்குது, கதவுகிட்ட நிக்காத. தூக்கிட்டுப் போச்சுன்னா உன்னைத் தேடி பக்கத்து மாநிலம் விஸ்கான்சின் வரைக்கும் யாரு போறது?"

"போங்க மாமா."

"சாப்டியா?"

"சாப்டுட்டேன்."

"என்ன சாப்ட்ட, பனியா? இரு, ஒரு தட்டு இடிச்சுத் தரேன். காரம் தூக்கலா."

"நிஜமா சாப்டுட்டேன் மாமா. வயிறு நிறைஞ்சிருக்கு."

சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் அங்கே வணக்கம். அதற்கு இருப்பது ஒரே பதில்தான். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

கடையின் மூலையில் துணி மாற்றுவதற்கென்று ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் பாஹுவா ரொம்ப நேரம் இருந்தாள். யூவா திரையை விலக்கியபோது பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் நழுவிவிடும். மேல்சட்டையின் வெள்ளிக் காசு வரிசை விலாவுக்கும் கைக்கும் நடுவில் வெறுமையில் தொங்கியது. கோடையில் அவளுக்கு, விலகிப்போன உயிரை உடம்புக்குத் திரும்ப அழைக்கும் சடங்கு நடந்திருந்தது. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மணிக்கட்டில் கட்டிய வெள்ளைக் கயிறுகள் இன்னும் இருந்தன. யூவாவும் ஒன்று கட்டியிருந்தாள், தோலோடு ஒட்டி, முடிச்சை நறுக்கி. அது இப்போது முழங்கை வரைக்கும் சரிந்து போய் நின்றது.

"என்னடி இது?"

"பெரிசா தைச்சிட்டீங்க அத்தை."

"நான் போன வருஷ அளவுக்குத்தான் தைச்சேன்."

பாஹுவா பாவாடையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா? வயித்து வலியா?"

"ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை. இது இப்படியே இருக்கட்டும். உள்ள ரெண்டு மூணு துணி போட்டுக்கிறேன். சரியாயிடும்."

"போன வருஷம் எவ்வளவு லட்சணமா இருந்த..."

"போன வருஷம் நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கு இடுப்புத் துணி சுத்துனீங்க. துணி பத்தல, இன்னொண்ணு கொண்டாங்கடின்னு கத்துனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பெரியம்மா இடுப்புல புடிச்சுக் கிள்ளிப் பாத்துட்டு, இப்பத்தான்டி சதை போட்டிருக்கன்னாங்க. வெளிய பசங்க நின்னுட்டிருந்தாங்க."

"அடிப் பைத்தியமே, அது உன்ன மெச்சிச் சொன்னதுடி!"

"தெரியும். மெச்சித்தான் சொன்னீங்க. தெரிஞ்சு என்ன பண்றது?"

தாய்லாந்து அகதி முகாமில் அரிசிக்காக வரிசையில் நின்ற காலத்தில், உடம்பு நிறைந்த பெண் என்றால் சோறு இருக்கிற வீட்டுப் பெண். அப்படி ஒருத்தி நடந்து போனால் மற்ற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யூவாவைப் பார்த்து யாரும் சதை போட்டிருக்க என்று சொன்னதில்லை. சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறாள். கையில் இருந்ததிலேயே நல்ல சொல்லைத்தான் இந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தாள்.

யூவா டேப்பை எடுத்து இடுப்பையும் தோளையும் அளந்துகொண்டு, "கழட்டுடி. சின்னதாக்கித் தரேன்" என்றாள். பாஹுவா மறுபடியும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, குளிர்ச்சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த உடையைத்தான் யூவா இப்போது பிரித்துக்கொண்டிருந்தாள். பட்டி முழுதாகக் கழன்று கையில் வந்தபோது சந்தைக்கு வெளியே இருட்டியிருந்தது. அந்த மாதத்தில் அங்கே பிற்பகலிலேயே இருட்டிவிடும். டோங் ஒட்டும் அரிசிச் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் நின்றுகொண்டே விரலால் உருட்டித் தின்றாள். உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. எதிரில் யாரும் இல்லாத மேசையில் தட்டை வைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

பிள்ளை இல்லை என்று புருஷன் அனுப்பிவிட்டான். கல்யாணம் ஆனதும் ஒரு பெண் புருஷன் குலத்து ஆவிகளின் கணக்கில் சேர்ந்துவிடுகிறாள். அங்கிருந்து வந்துவிட்டால் பிறந்த வீட்டு ஆவிகளுக்கு அவளை அடையாளம் தெரியாது. நோய் வந்து படுத்தாலும் அண்ணன் வீட்டுக் கூரைக்குக் கீழே சாகக்கூடாது என்பார்கள். அண்ணன் நல்லவன்தான். பண்டிகைக்குக் கூப்பிடாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு நல்ல காரணம் சொல்வான்.

கூப்பிடுகிறவள் ப்ளியா ஒருத்திதான். அவள் புருஷன் யூவா பிறந்த லோர் குலம். அந்த முறையில் யூவா அவளுக்கு நாத்தனார், பிள்ளைகளுக்கு அத்தை; ரத்த உறவு எதுவும் இல்லை. புத்தாண்டு அன்று காலையில் வீட்டு வாசலில் நின்று குடும்பத்தாரின் உயிர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முட்டைகளை அரிசிக் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்கள். ப்ளியா யாரையும் கேட்காமல் யூவாவுக்கும் ஒன்று சேர்த்து வைப்பாள். மாமியார் முறையில் ஒரு கிழவி ஒருமுறை "இது யாருக்கு?" என்று கேட்டதற்கு, "எண்ணத் தெரியல எனக்கு, விடுங்க" என்று சொல்லிவிட்டாள். வேகவைத்த அந்த முட்டையை யூவா அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து, உப்புக்கூடத் தொடாமல் மெதுவாகத் தின்பாள்.

மறுநாள் ப்ளியா வேலைக்குப் போகிற வழியில் வந்தாள். வான்கோழி அறுத்து அடைக்கிற ஆலையில் வேலை, இரண்டாவது ஷிப்ட். தலையில் வலைத்தொப்பி அப்போதே ஏறியிருந்தது.

"பாஹுவா வந்தாளா?"

"வந்தா."

"எப்படி இருக்குது துணி?"

யூவா கொக்கிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு."

ப்ளியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்க்கா. மூஞ்சி சுருங்கிப் போச்சு. சட்டையக் கழட்டவே மாட்டேங்குறா, வீட்டுக்குள்ளயும் அந்தக் கோணிப்பைதான். கோடையில ஏரியில வழுக்கி விழுந்தாள்ல, உயிர் அங்கயே பயந்து நின்னுடுச்சுன்னாங்க. அழைச்சாச்சு. கோழி அறுத்தாச்சு. எல்லார் முன்னாடியும் முட்டையத் தின்னா. அப்புறமும் தேறல."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"டாக்டரா? நீ வேற. பள்ளிக்கூட நர்ஸ் போன் பண்ணா. என்ன கேட்டா தெரியுமா? வீட்டுல புள்ளைக்குச் சோறு போடுறியான்னு கேட்டா! என்னப் பாத்து! மூலையில அரிசி மூட்டை என் இடுப்பு ஒசரம் நிக்குது. இன்னொரு தடவ புகார் வந்தா புள்ளைங்களையே எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். அன்னையிலேர்ந்து போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது."

"அப்படியா சொன்னா?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். புத்தாண்டுக்கு மைதானத்துல ஊரே வந்து நிக்கும். பெரியம்மா கண்ணுல பட்டா போதும், போன் போட்டு கலிபோர்னியா வரைக்கும் சொல்லிடுவாங்க. ப்ளியா பொண்ணுக்குச் சோறு போடலன்னு." அவள் யூவாவின் கையைப் பிடித்தாள். வான்கோழி ஆலையின் குளிர் அந்த விரல்களில் நிரந்தரமாக இருந்தது. "போன வருஷ அளவுக்கே தை அக்கா. உள்ள பஞ்சு வெச்சுடு. இடுப்புல, தோள்ல. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. உன்னால ஆகாதா?"

ஆகும். அதுதான் சங்கடம். பஞ்சு வைத்தது தெரியாமல் தைக்க அந்தச் சந்தையில் யூவாவை விட்டால் ஆள் இல்லை.

எழுந்து போகும்போது ப்ளியா திரும்பி, "காலையிலேயே வந்துடு அன்னிக்கு. உனக்கும் சேத்துத்தான் முட்டை வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். அவள் அதைப் பேரமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஆனால் யூவாவின் காதில் இந்த முறை அது வேறு மாதிரி விழுந்தது.

யூவா பஞ்சு வெட்டினாள். மெல்லிய தகடாக வரும் பஞ்சை இடுப்பின் வளைவுக்கு ஏற்ப ஓரம் சீவி, இரண்டு அடுக்கு வைத்து, உள் துணியோடு ஓட்டுத்தையல் போட்டாள். தோளுக்கு ஒன்று, மார்புக்குப் பக்கவாட்டில் ஒன்று. சுருக்கம் விழாமல் இருக்க நூலைத் தளர்வாக விட்டாள். வேலை நன்றாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தை திறப்பதற்கு முன், உடையைக் கடையிலிருந்த பொம்மை மேல் மாட்டினாள். கொக்கியைப் போட்டாள். நான்கு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

போன வருஷத்துப் பாஹுவா நின்றாள். அதே இடுப்பு, அதே தோள். துணி பத்தவில்லை என்று யூவா கத்திய அதே உடம்பு. தலை மட்டும் இல்லை.

ரொம்ப லட்சணமாக இருந்தது. யூவா பக்கத்தில் போய் இடுப்பை இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினாள். உள்ளே போய் எழும்பி வந்தது. பொம்மையின் கழுத்துப் பிடியில் வெள்ளிச் சங்கிலியை மாட்டிப் பார்த்தாள். இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை மைதானத்தில் நிற்பாள். பெண் பார்க்கும் வழக்கப்படி பையன்கள் பந்து எறிவார்கள், இவள் பிடித்துத் திருப்பி எறிவாள். பெரியம்மாக்கள் வந்து கிள்ளிப் பார்ப்பார்கள். கையில் பஞ்சு அகப்படும். நல்லா சதை போட்டிருக்க என்பார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்த விரல்கள் எட்டவே எட்டாது.

அம்மா மறைக்கச் சொல்கிறாள், மகளும் மறைக்கச் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் யூவாவிடம் வந்து அதையே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கயிறு முழங்கை வரை சரிந்ததைப் பார்த்தது யூவா மட்டும்தான்.

அவள் கத்தரியை எடுத்தாள்.

ப்ளியா சாயங்காலம் வந்தாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. இளைய மகள் ஷெங் கூட வந்திருந்தாள்; ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், ஓயாமல் பேசுகிற பிள்ளை. "அத்தை, எனக்கும் காசு வெச்சுத் தைங்க, நடந்தா சல்சல்னு சத்தம் வரணும்" என்று வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"நீ நடந்தாலே சத்தம்தான், காசு வேறயா?" என்றான் எதிர்க் கடையிலிருந்து டோங்.

யூவா ஹாங்கரில் இருந்து உடையை இறக்கி மேசையில் விரித்து வைத்தாள். ப்ளியா பாவாடையை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். பூ வேலையை விரலால் தடவினாள். முகம் மலர்ந்தது.

"ஐயோ, அழகா இருக்கே! ஷெங்குக்கா? அவளுக்கு நான் சொல்லவே இல்லையேக்கா. எதுக்கு இவ்வளவு செலவு பண்ண?" என்று சொல்லிக்கொண்டே பாவாடையை ஷெங்கின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். ஷெங் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். கொக்கி வந்து சேர்ந்தது. "கச்சிதமா இருக்கு பாரு. சரி, பாஹுவாவுது எங்க?"

"அதான் பாஹுவாவுது."

ப்ளியா சிரித்தாள். யூவா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். கை இன்னும் ஷெங்கின் இடுப்பில் கொக்கியைப் பிடித்தபடி இருந்தது.

"அக்கா, விளையாடாத."

"டேப்பு வெச்சு அளந்தேன் ப்ளியா. நெனப்புலேர்ந்து தைக்கல."

"நான் பஞ்சு வெக்கச் சொன்னேன்ல?"

"வெச்சேன். பிரிச்சுட்டேன்."

"யாரைக் கேட்டு?" ப்ளியா கொக்கியைக் கழற்றிப் பாவாடையை மேசைமேல் எறிந்தாள். காசுகள் அதிர்ந்தன. சுற்றுக் கடைகளில் தலைகள் திரும்பின. "ஊர் முன்னாடி என்னை நிறுத்தணும்னு இருக்கியா நீ? உனக்கென்ன, தைச்சுக் குடுத்துட்டுப் போயிடுவ. ஒண்ணு பெத்திருந்தா தெரியும்!"

டோங்கின் உலக்கைச் சத்தம் நின்றது. யூவா எறிந்த பாவாடையை எடுத்து, மடிப்புகள் கலையாமல் நீவி, பழையபடி விரித்து வைத்தாள். அந்தச் சொல்லை அவள் இத்தனை வருஷமாக யார் யார் வாயிலிருந்தோ எதிர்பார்த்திருக்கிறாள். ப்ளியா வாயிலிருந்து எதிர்பார்த்ததில்லை.

ப்ளியா ஷெங்கை இழுத்துக்கொண்டு போனாள். வெளியே போகவில்லை. சோற்றுக்கடைகளின் நடுவே இருந்த மேசையில் உட்கார்ந்தாள். ஷெங்குக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கி முன்னால் வைத்தாள். மகள் உறிஞ்சிச் சாப்பிடுவதை, அதற்கு முன் யாரும் சாப்பிட்டுப் பார்க்காதவள்போல, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூவா தன் கடையிலிருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஜனங்கள் தட்டுகளோடு போய்வந்தார்கள்.

கிண்ணம் காலியானதும் ப்ளியா எழுந்து வந்தாள். ஷெங் அங்கேயே போனை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அவ்வளவுதான் இருக்காளா அக்கா?"

"ம்."

"ஒரே வீட்டுல இருக்கேன். நான் வரும்போது தூங்குறா, நான் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் போயிடுறா."

யூவா ஸ்டூலைத் தள்ளினாள். ப்ளியா உட்காரவில்லை.

"ப்ளியா, அந்த நர்ஸ் இங்கிலீஷ்ல பேசினா இல்ல. அவ பேசினதை உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லுவா? எப்பவும்போல பாஹுவாதான் பக்கத்துல நின்னு..." ப்ளியா நிறுத்தினாள்.

வீட்டுக்கு வரும் கடிதம், மின்சார ஆபீஸ் போன், டாக்டர் சீட்டு எல்லாவற்றுக்கும் அந்த வீட்டின் வாய் பாஹுவாதான். நர்ஸ் ஒன்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. அம்மா எதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்வாள் என்று பிள்ளைக்குத் தெரியும்.

"எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நர்ஸ் சொல்லவே இல்லையோ என்னவோ" என்றாள் ப்ளியா. "அவ என்னதான் சொன்னா?"

"போய்க் கேளு. பள்ளிக்கூடத்துலயே நம்ம பாஷை பேசுறவங்க இருப்பாங்க, கேட்டா வருவாங்க. புள்ளையைக் கூட வெச்சுக்காம கேளு."

"பாஹுவா கோவப்படுவா."

"படட்டும். என்மேலயும் படுவா. சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் போனா."

ப்ளியா வலது உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தாள். மேசை மேலிருந்த பாவாடையைப் பார்த்தாள். தொடவில்லை. யூவா அதைத் திருப்பி, இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தை விரித்துக் காட்டினாள். உள்ளே வெல்வெட் இரண்டு பக்கமும் அகலமாக மடிந்து, தளர்ந்த ஓட்டுத்தையலில் படிந்திருந்தது.

"துணியை வெட்டல. மிச்சத்தை உள்ள மடிச்சு விட்டிருக்கேன். இந்த நூலை இழுத்தா போதும், வந்துடும். கொஞ்சம் கொஞ்சமா விடலாம். எப்ப வேணும்னாலும் கொண்டா."

ப்ளியா தலையை ஆட்டினாள். யூவா மேல்சட்டையைப் பாவாடையின் மேல் வைத்து, காசுகள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் காகிதம் வைத்து மடித்தாள். இடுப்புத் துணியைச் சுருட்டி மேலே வைத்தாள். பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டினாள். புத்தாண்டு அன்று காலையில் இன்னமும் வரலாமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ப்ளியாவும் சொல்லவில்லை.

யூவா இரண்டு கையாலும் பையை நீட்டினாள். சற்று நேரம் அது அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு ப்ளியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.